பல ஆண்டுகள் நீளும் பழைய கார் சீரமைப்பு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிவரை தள்ளிவைப்பது

பாதியில் கைவிடப்பட்ட பழைய கார் ஒன்றைப் பார்க்கச் சென்றால், அதன் அருகில் பெரும்பாலும் சில அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும். உறை பிரிக்கப்படாத பிரேக் பாகங்களும், ஒரு கிலோமீட்டர்கூட உருளாமல் வெடிப்பு விட்ட டயர்களும், எந்த இடத்துக்கு உரியவை என்று எவருக்கும் தெரியாத போல்ட்டுகளும் அவற்றுள் கிடக்கும். உரிமையாளரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. அவர் செலவழித்திருக்கிறார், உழைத்திருக்கிறார். ஆனால் கடைசியில் வாங்க வேண்டியதை முதலில் வாங்கியிருக்கிறார், முதலில் பார்க்க வேண்டிய துருவைக் கடைசியில் பார்த்திருக்கிறார்.

முழுச் சீரமைப்பு என்பது ஆயிரம் மணி நேரத்தை எளிதில் தாண்டிவிடும் வேலை. வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஒதுக்க முடிந்தவருக்கு, ஒரு வாரம்கூடத் தவறாமல் உழைத்தாலும், ஆயிரம் மணி நேரத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எந்த வீட்டிலும் வாரங்கள் அப்படித் தவறாமல் கிடைப்பதில்லை. ஐந்து ஆண்டுகளில் முடிப்பதாக நான் எண்ணித் தொடங்கிய கார் பதினோரு ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. ஆகவே இந்த வழிகாட்டி, கார் காத்திருக்கும் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு, காத்திருப்பைத் தாங்கும் வேலைகளை முன்னும் தாங்காதவற்றைப் பின்னும் வைத்து எழுதப்பட்டது.

வாங்குவதற்கு முன்

முதலில் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். அவை பொருந்தாத காரை, எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுவதே நல்லது.

அடுத்தது துரு. தனிச் சேசிஸின் மேல் உடல் அமர்ந்திருக்கும் கார்களில் சேசிஸ் சட்டம் உறுதியாக இருந்தால் மேற்பகுதியைச் சரிசெய்துகொள்ளலாம். உடலே சட்டமாகவும் இருக்கும் கார்களில், கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதிகளே காரின் எடையைத் தாங்குகின்றன. அங்கே துரு புகுந்திருந்தால் அது முதுகெலும்பில் வந்த நோய்க்குச் சமம். அந்தப் பெட்டிப் பகுதிகள், ஜாக்கி வைக்கும் இடங்கள், தரைத்தகடு, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், பேட்டரித் தட்டு, ஸ்டெப்னி வைக்கும் குழி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை ஓட்டிச் சென்றால், பள்ளங்களை நிரப்பும் பட்டி தடிமனாகப் பூசப்பட்ட இடத்தில் அது ஒட்டாமல் நழுவும். மொட்டையான ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினால், நல்ல தகடு கணீரென்றும் அரித்த தகடு மொத்தென்றும் ஒலிக்கும்.

மூன்றாவதாக, என்ன இல்லை என்று பார்க்க வேண்டும். புதியவர்கள் எஞ்சின் ஓடுகிறதா என்பதையே கேட்கிறார்கள். எஞ்சின் பாகங்கள் பல மாடல்களுக்குப் பொதுவாக இருப்பதால் எப்படியாவது கிடைத்துவிடும். ஆனால் அந்த ஓர் ஆண்டில் மட்டும் வந்த விளக்கு வளையம், கதவுக் கைப்பிடி, வளைந்த பின் கண்ணாடி, பக்கவாட்டு அலங்காரப் பட்டை ஆகியவற்றைத் தேடியே ஆண்டுகள் கழியும். ஓடாத, ஆனால் முழுமையான கார், ஓடுகின்ற, ஆனால் உறுப்புகள் குறைந்த காரைவிட மேலானது என்பது என் தீர்மானமான கருத்து.

எங்கே நிறுத்துவது என்பதை எழுதிவைத்தல்

ஒரு தாளில் மூன்றே வரிகளில் இலக்கை எழுதி, காரின் அருகிலேயே ஒட்டிவையுங்கள். பாதுகாப்பாக ஓட வேண்டுமா, தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல் இருக்க வேண்டுமா, கண்காட்சியில் நிற்க வேண்டுமா? மூன்றுக்கும் ஆகும் காலம் ஒன்றன்று. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா வெளியிட்ட தூரின் சாசனம், இருப்பதைக் காப்பதற்கே முதலிடம் தருகிறது. புதிதாக்குவது அதற்குப் பின்னர்தான். முதல் பெயிண்ட் ஒரு காருக்கு ஒரே முறைதான் கிடைக்கும். அது மங்கியிருந்தாலும் தாங்கும் நிலையில் இருந்தால், அதைச் சுரண்டுவதற்கு முன் ஒரு மாதமாவது யோசிக்கலாம்.

“எப்படியும் கழற்றியாயிற்று, கையோடு இதையும் பார்த்துவிடலாமே” என்ற நினைப்பு எல்லோருக்கும் வரும். பிரேக் லைனிங் மாற்றத் தொடங்கிய வேலை, அச்சைக் கழற்றி, பிறகு ஸ்பிரிங்கைக் கழற்றி, கடைசியில் உடலையே சேசிஸிலிருந்து தூக்குவதில் போய் முடிவது இப்படித்தான். ஒட்டிவைத்த தாள் அப்போது உதவும்.

கழற்றுவதற்கு முன் கேட்டறிதல்

கார் ஓடும் நிலையில் இருந்தால், ஆபத்தில்லாத இடத்தில் சிறிது தூரமாவது ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். எந்த கியர் நழுவுகிறது, எந்தப் பக்கம் இழுக்கிறது, புகை நீலமா வெள்ளையா என்பவற்றைக் கழற்றிய பிறகு எவராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனையையும் அப்போதே செய்துவிடலாம். சிலிண்டர்களுக்கு இடையே அளவு 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால், குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றி மீண்டும் அளக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகிக்கலாம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

நெடுநாள் நின்ற எஞ்சின் ஜாம் ஆகியிருந்தால், காரைக் கட்டி இழுத்துச் சுழற்ற முயல்வது கனெக்டிங் ராடை வளைக்கும் வழி. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெயை ஒவ்வொரு சிலிண்டரிலும் விட்டு, பல நாட்கள் ஊறவிட்டு, கிராங்கின் முன் போல்ட்டில் நீண்ட பிடியை மாட்டி, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வாரத்தில் அசையாதது மூன்றாம் வாரத்தில் அசைவதுண்டு.

பழைய காரில் புதிய பேட்டரியை இணைக்குமுன் எந்த முனை எர்த், அதாவது காரின் உடலோடு இணைவது, என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1960களின் நடுப்பகுதிவரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் நேர்முனையே எர்த். எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1967இல்தான் எதிர்முனை எர்த்துக்கு மாறியது. இன்றைய பழக்கத்தில் இணைத்தால் டைனமோவும் அளவுமானிகளும் கெடலாம். சில கார்கள் 12 வோல்ட் அல்ல, 6 வோல்ட்.

கழற்றுதல்

இது ஒரு வார இறுதியில் முடிந்துவிடும், மிக இன்பமான வேலை, அதனால்தான் ஆபத்தானது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் ஒரு படம், கழற்றும்போது ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம் எடுங்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஒயர் ரேடியேட்டருக்கு முன்னால் போனதா பின்னால் போனதா என்பதை அந்தப் படம்தான் சொல்லும். முடிந்தவரை போல்ட்டுகளை அவை வந்த துளையிலேயே விரலால் திருகி வைத்துவிடுவது, ஆயிரம் சிறு பைகளைவிடச் சிறந்த முறை. பையில் போட நேர்ந்தால், பையின் மேல் எழுதுவதோடு நிறுத்தாமல், உலோகத் துண்டில் எழுதி உள்ளேயும் ஒன்று போட வேண்டும். எண்ணெய் பட்ட பையில் மை நிற்காது.

கதவுக் கீல்களுக்கு அடியிலும் மட்கார்டு இணைப்புகளிலும் மெல்லிய தகட்டுத் துண்டுகள் இருக்கும். தொழிற்சாலையில் ஒருவர் அந்தக் காருக்கென்றே அளந்து வைத்தவை அவை. எத்தனை துண்டுகள் எங்கே இருந்தன என்று குறித்துக்கொள்ளாதவர், கதவு இடைவெளியைச் சரிசெய்யப் பின்னாளில் நாட்கணக்கில் மெனக்கெட நேரும். பழைய பாகம் எவ்வளவு கெட்டிருந்தாலும், புதியது பொருந்தி இயங்கும்வரை அதை எறியக்கூடாது. மறுவார்ப்பாக வரும் பாகங்களில் துளை இடம் மாறியிருப்பது வாடிக்கை. அப்போது பழையதே அளவுகோல்.

கழற்றிய கார் முழுக் காரைப்போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு இடத்தைப் பிடிக்கும் என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். நீண்டகாலத் திட்டத்தில் காரை ஒரே சமயத்தில் முழுவதும் கழற்றாமல், சக்கரங்களில் உருளக்கூடிய நிலையிலேயே இயன்றவரை வைத்திருப்பது நல்லது. உருளும் காரை வீடு மாறும்போது கொண்டுபோகலாம். உருளாத கார், இடம் மாற வேண்டிய நாளில் விற்கப்படும் கார்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுக்கக்கூடாது. தாங்குகால்கள் வைத்த பிறகே படுக்க வேண்டும். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் கேஸ்கட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியை காற்றழுத்தத்தால் ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து, துணியை மூடிய பையில் அகற்ற வேண்டும்.

தகடும் வெல்டிங்கும்

ஆண்டுகளில் பெரும்பங்கை விழுங்குவது இந்தப் படிதான். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருமன் கொண்டது. அதனால் இரு தகடுகள் சேரும் மடிப்பில் அது புகுந்தால் தகடுகளைப் பிளந்து விரிக்கும். வெளியே ஒரு நாணயம் அளவில் கொப்புளம் தெரிந்தால், உள்ளே ஒரு கை அளவு போயிருக்கிறது என்று கணக்கிட்டால் ஏமாற்றம் குறையும்.

தாங்கும் பெட்டிப் பகுதியை வெட்டுமுன், கதவு வாசலின் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையே இரும்புக் குழாய்களைக் குறுக்காக வெல்டு செய்து, வாசல் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்யாமல் வெட்டினால் உடல் நடுவில் தொய்ந்து, புதிய தகட்டை அந்தத் தொய்வோடேயே ஒட்டியிருப்பீர்கள்; பிறகு எந்தக் கதவும் மூடாது. ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போக வேண்டும். கார் எடை சக்கரங்களில் எப்படி நிற்குமோ அப்படியே தாங்கப்பட்டிருக்க வேண்டும்.

காரின் தகடு பெரும்பாலும் 0.8 மி.மீ. முதல் 1 மி.மீ. வரை தடிமன் கொண்டது. அதற்கு 0.6 மி.மீ. கம்பியும், ஆர்கனும் கரியமில வாயுவும் கலந்த வாயுவும் பொருந்தும். நீளமாக இழுத்து வெல்டு செய்தால் வெப்பத்தில் தகடு அலையலையாக வளையும். ஒரு புள்ளி வைத்து, கை அளவு தள்ளி இன்னொன்று வைத்து, ஆறவிட்டு, இடைவெளிகளை நிரப்பி வருவதே முறை. தொடங்கும்முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்கை அந்தக் கூடத்திலிருந்தே அகற்றிவிடுங்கள். காலியான டேங்கில் நிற்கும் ஆவி, நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது.

மணல்வீச்சால் துருவை அகற்றலாம் என்று பலர் சொல்வார்கள். சேசிஸ் சட்டத்துக்கும் அச்சுக்கும் அது பொருத்தமே. பானெட், கதவு, கூரை போன்ற அகன்ற மெல்லிய தகடுகளின்மேல் அழுத்தமாக அடித்தால், ஒரு முகம் மட்டும் விரிந்து தகடு குடைபோல் உப்பிவிடும்; அதன்பின் எந்த டிங்கராலும் அதை நேராக்குவது கடினம். என் காரின் பானெட்டை இப்படி ஒரு பட்டறையில் இழந்தேன். அதற்கு மாற்று கிடைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டு ஆண்டுகளில்தான் காரை விற்றுவிடலாம் என்று முதன்முறையாக நினைத்தேன்.

பட்டியை 3 மி.மீ.க்கு மேல் பூசாமல், தகட்டையே தட்டி அந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சாதாரண பிரைமர் நுண்துளைகள் கொண்டது. அதைப் பூசிவிட்டு ஒரு மழைக்காலம் நிறுத்தினால், ஈரம் உள்ளே இறங்கி அடியில் துரு மீண்டும் முளைக்கும். காத்திருக்கப்போகும் தகட்டுக்கு எபாக்ஸி பிரைமரே தேவை. அதையும் பல மாதங்கள் விட்டுவிட்டால், அடுத்த பூச்சுக்கு முன் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ள வேண்டும். இரு கூறுகளாகக் கலந்து தெளிக்கும் பெயிண்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட் உண்டு. அது நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடும். சாதாரண முகமூடி போதாது, வெளிக்காற்று வரும் முகமூடி வேண்டும். அந்த வசதி இல்லாதவர் தெளிக்கும் வேலையைத் தொழில்முறையினரிடம் விட்டுவிடுவதே சரி.

பெயிண்டுக்கு முன் ஒருமுறை எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள்: கதவு, பானெட், டிக்கி, மட்கார்டு, பம்பர், விளக்கு, கண்ணாடி. அலுப்பூட்டும் இந்த ஒத்திகையைத் தவிர்த்தவர், புதிய பெயிண்டின் மேல் டிரில் ஓட்டும் நிலைக்கு வருவார்.

எதைக் கடைசிவரை வாங்கக்கூடாது

புதிய பாகம் வந்து சேரும் நாள் ஒவ்வொன்றும் திருவிழாதான். அந்த மகிழ்ச்சிக்காகவே மனம் முன்னதாக வாங்கத் தூண்டும். ஆனால் ரப்பருக்கும் திரவத்துக்கும் வயது ஏறிக்கொண்டேயிருக்கிறது. டயரின் பக்கத்தில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அலமாரியில் தூங்கினாலும் அந்தக் கணக்கு ஓடும். கார் உருளுவதற்குப் பழைய டயர்களே போதும். பேட்டரி, பெட்ரோல் குழாய்கள், பிரேக் குழாய்கள், கதவு ரப்பர்கள், பெல்ட்டுகள் யாவும் கடைசி ஆண்டில் வாங்க வேண்டியவை. முன்னதாக வாங்கினால், பொருந்துகிறதா என்று பார்ப்பதற்குள் திருப்பித்தரும் காலமும் கடந்திருக்கும்.

டாட் 3, டாட் 4 வகை பிரேக் திரவங்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4இன் கொதிநிலைக்கான குறைந்தபட்ச அளவு புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 155 டிகிரிதான். திறந்த புட்டியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைப்பதில் பொருளில்லை. சிலிக்கோனால் ஆன டாட் 5ஐ இவற்றோடு கலக்கக்கூடாது. எந்தத் திரவம் எந்தக் காருக்கு என்பதில் அனுமானம் கூடாது: சிட்ரோயன் டிஎஸ் காரின் முந்தைய மாதிரிகள் சிவப்புத் திரவத்தையும் பிந்தையவை பச்சை நிறக் கனிம எண்ணெயையும் கொண்டவை, ஒன்றில் மற்றதை ஊற்றினால் சீல்கள் எல்லாம் கெடும்.

இந்தப் பட்டியலில் பலர் மறப்பது எஞ்சினை. சிலிண்டர்களைப் புதிதாகக் குடைந்து (ரீபோர் செய்து) பூட்டிய எஞ்சின் மூலையில் நான்கு ஆண்டுகள் நின்றால், திறந்திருக்கும் வால்வின் வழியே ஈரம் இறங்கி, தேய்த்து மெருகேற்றிய சிலிண்டர் சுவரில் துரு வளையம் விழும். எனவே எஞ்சினைக் கழற்றி அளந்து, கிடைக்க அரிதான பாகங்களை மட்டும் தேடிச் சேர்த்துவிட்டு, லேத் வேலையையும் பூட்டுதலையும் உடல் பெயிண்டுக்குப் போகும் கட்டத்தில் தொடங்குவது நல்லது. முன்பே முடித்துவிட்டவர், எல்லாத் துளைகளையும் அடைத்து, சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு, மாதம் ஒருமுறை கையால் சுற்றிவைக்க வேண்டும்.

ஹெட்டைத் திறந்திருக்கும்போதே வால்வு இருக்கைகளையும் பார்த்துவிடலாம். பெட்ரோலில் கலந்த ஈயம் அவற்றைக் காத்து வந்தது. உலகெங்கும் கார்களுக்கான ஈயப் பெட்ரோல் 2021இல் முடிவுக்கு வந்துவிட்டது. மென்மையான இருக்கை கொண்ட பழைய ஹெட்டில் கடினமான இருக்கைகளைப் பதித்தால், தொடர்ந்து வேகமாக ஓட்டும்போது தேய்மானம் வராது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை இளக்கிவிடும். ஆகவே அதைத் தாங்கும் வகைக் குழாய்களையே கேட்டு வாங்குங்கள்.

வேலை நின்றுபோகும் காலங்கள்

ஒவ்வொரு நீண்ட திட்டத்திலும் ஓரிரு ஆண்டுகள் எதுவும் நகராது. முலாம் பூசக் கொடுத்த பம்பர் திரும்பி வராது; வாக்களித்த டிங்கர் வேறு வேலைக்குப் போய்விடுவார்; வீட்டில் பணத்துக்கு வேறு தேவை வரும். அந்தக் காலத்தைக் கடக்க எனக்கு உதவியவை மிகச் சிறிய பழக்கங்கள். ஒவ்வொரு நாளும் கருவிகளை எடுத்துவைக்குமுன், அடுத்தமுறை கை வைக்க வேண்டிய ஒரே ஒரு வேலையை நோட்டில் எழுதிவைப்பேன். “பிரேக்கைப் பார்க்க வேண்டும்” என்றல்ல, “இடது பின் வீல் சிலிண்டரின் மேல் போல்ட்டுக்கு எண்ணெய் விட வேண்டும்” என்று. எட்டு மாதங்கள் கழித்துத் திரும்பினாலும் அந்த வரி கையைப் பிடித்து அழைத்துப்போகும். மேசைமேல் வைத்து ஒரே மாலையில் முடிக்கக்கூடிய வேலைகளான வைப்பர் மோட்டார், கார்புரேட்டர், அளவுமானி, பூட்டு ஆகியவற்றைத் தேக்க காலத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன்.

வெளியே கொடுக்கும் ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்து, எண்ணி, எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். நான் கொடுத்த பதினான்கு முலாம் பாகங்களில் பன்னிரண்டுதான் திரும்பின. என்னிடம் பட்டியல் இல்லாததால் வாதிடவும் முடியவில்லை.

காரை விற்றுவிடும் எண்ணம் வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சோர்ந்த மாதத்தில் முடிவு செய்யாமல், உடலை உருளும் நிலைக்குக் கொண்டுவந்து, பாகங்களைப் பெயரிட்டு அடுக்கிய பிறகு முடிவு செய்யலாம். அடுக்கி முடிப்பதற்குள் பலருக்கு எண்ணம் மாறிவிடும். மாறாவிட்டாலும் நல்ல விலை கிடைக்கும்.

பூட்டுதலும் முதல் ஓட்டமும்

பெயிண்ட் முடிந்த காரில் முதலில் போவது ஒயரிங். துணி சுற்றிய பழைய ஒயர்களின் காப்பு பொடிந்திருந்தால் புதுத் தொகுதியே போட வேண்டும். பல பழைய கார்களில் இரண்டே ஃபியூஸ்கள் இருப்பதால், விளக்குகளுக்குத் தனி ஃபியூஸ் சேர்ப்பது தோற்றத்தைக் கெடுக்காத நல்ல மாற்றம். எர்த் புள்ளிகளில் பெயிண்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் இணைக்க வேண்டும். புதுப் பெயிண்டுக்குப் பிறகு விளக்கு எரியாத கார்களில் பெரும்பாலும் காரணம் இதுவே.

பிரேக்கில் கஞ்சத்தனம் கூடாது. பழைய ரப்பர் குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி அடைத்து, மிதியை விட்ட பின்னும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிரேக் ரப்பர்களைப் பெட்ரோலாலோ எஞ்சின் எண்ணெயாலோ துடைக்கக்கூடாது. அவை ஊதிக் கெடும்.

எஞ்சினை முதன்முறை இயக்குமுன், பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தமானி அசையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்ற வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் புதியதாகவும் தட்டையான டேப்பட்டுகளின்மேல் ஓடுவதாகவும் இருந்தால், பற்றியவுடன் மெதுவாக ஓடவிடாமல், இருபது நிமிடங்கள், நிமிடத்துக்கு 2000 சுற்றுகளை ஒட்டி வேகத்தை ஏற்றி இறக்கி வைத்திருக்க வேண்டும். குறைந்த சுற்றில் அதற்கு எண்ணெய் போதுமான அளவு தெளிக்காது. இன்றைய எண்ணெய்களில் துத்தநாகச் சேர்மம் குறைக்கப்பட்டிருப்பதால், பழைய எஞ்சினுக்கென வரும் எண்ணெயையே ஊற்றுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, உடன் ஒருவர் பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில் குறைகள் வரிசையாக வரும். என் கார் முதல் நூறு கிலோமீட்டரில் இருபத்து மூன்று குறைகளைக் காட்டியது. அவற்றில் பதினாறு, நான் முறுக்க மறந்த நட்டுகள். ஐம்பது கிலோமீட்டரில் சக்கர நட்டுகளை மீண்டும் முறுக்கிப் பாருங்கள். தயாரிப்பாளர் கையேடு சொன்னால் ஹெட் போல்ட்டுகளையும், எஞ்சின் ஆறிய பின், அது தரும் வரிசைப்படி மீண்டும் முறுக்குங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஆனதும் எண்ணெயை மாற்றி, வடிகட்டியை வெட்டிப் பிரித்து, மடிப்புகளில் மின்னும் துகள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மெல்லிய சாம்பல் நிறப் படிவு புது ரிங்குகள் பதிவதால் வருவது. செம்பு நிறத்தில் செதில்கள் தெரிந்தால் பேரிங் உரிகிறது என்று பொருள். அப்போது காரை ஓட்டாமல், எண்ணெய்த் தொட்டியைக் கழற்றுங்கள்.